பழைய லார்ஜ் ஃபார்மேட் கேமராவில் பித்தளைப் பாகம் உடைந்தால் செய்யக் கூடாதவை

பெரிய தாள் ஃபிலிமில் படமெடுக்கும் பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறந்தால் ஏதாவது ஒன்று உடைந்துதான் இருக்கும். முன்சட்டத்தைத் தாங்கும் பித்தளைத் தகடு, பூட்டும் குமிழ், ஃபோகஸ் பல்சக்கரம், இவற்றில் ஏதோ ஒன்று. அந்த உடைசல்கூடப் பரவாயில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று முன்னால் யாரோ செய்து வைத்த அலங்கோலம்தான் உண்மையில் வேலை வாங்கும். நானும் அப்படி அலங்கோலம் செய்தவன்தான்.

பெரும்பாலான சேதம் திருப்புளியில் ஆரம்பிக்கிறது. பழைய ஸ்க்ரூக்களின் தலையில் காடி, அதாவது திருப்புளி நுழையும் பள்ளம், மெல்லியதாக, இரண்டு சுவரும் நேராக இருக்கும். சாதாரணத் திருப்புளியின் நுனியோ ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அழுத்தித் திருப்பினால் நுனி மேலேறி வழுக்கி, காடியின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். பித்தளை மெத்தென்ற உலோகம், இரண்டு முறை வழுக்கினால் பிறகு பிடிக்க எதுவும் மிஞ்சாது. அதனால் திருப்புளி நுனியை அந்தக் காடிக்கு ஏற்ப அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். காடியில் நுழைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது ஆடாமல் நிற்க வேண்டும். காடிக்குள் உறைந்திருக்கும் பழைய வார்னிஷை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் துளியூண்டு இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அப்புறம் தளர்த்துங்கள்.

அப்படியும் அசையவில்லையா? உடனே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துவிடாதீர்கள். மரம் அதைக் குடித்துக் கறுத்துப்போகும், அந்த இடத்தில் பிறகு பசையும் ஒட்டாது. சூடான சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்து எடுத்து, ஆறிய பிறகு திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பிடி விட்டுவிடும்.

கழற்றிய ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டேன், ஒருமுறை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. திரும்ப மாட்டும்போது சற்றே நீளமான ஒன்று மெல்லிய பலகையில் போய்விட்டது. அதன் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்து, கேமராவை மடிக்கும் ஒவ்வொரு முறையும் பெல்லோஸின் (லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) ஒரே மடிப்பில் குத்திக்கொண்டிருந்தது. நெகடிவில் ஒரு கறுப்புக் கீற்று வந்த பிறகுதான், இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச்சை வைத்துத் தேடி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். இப்போது அட்டையில் கேமராவை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைக்கிறேன்.

தொலைந்த ஸ்க்ரூவுக்கு மாற்று தேடும்போது மரையைக் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் கேமராக்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அல்லது விட்வொர்த் என்ற அந்நாட்டு மரை வகைகள் இருக்கலாம், அமெரிக்கக் கேமராக்களில் அங்குல மரை. ஏமாற்றுவது எது தெரியுமா? 0 பி.ஏ. ஸ்க்ரூவும் எம் 6 ஸ்க்ரூவும் இரண்டுமே 6 மி.மீ. தடிமன், 1 மி.மீ. மரை இடைவெளி. ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 47.5 டிகிரி, மற்றதில் 60. இரண்டு சுற்று சுலபமாகப் போய்ப் பிறகு இறுகுகிறதென்றால் அது உங்கள் ஸ்க்ரூ இல்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

மரத்தில் துளை தளர்ந்துவிட்டால் தீக்குச்சியும் சூப்பர் க்ளூவும்தான் பலருக்கும் கை வைத்தியம். அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும். பெரிய ஸ்க்ரூ போட்டால் தலை பள்ளத்தில் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும், பலகை ஓரமும் பிளக்கும். துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, கடினமான மரத்துண்டை வைத்து ஒட்டிப் புதிதாகத் துளையிடுவதே சரி. மரத்துண்டின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, பலகையின் ரேகையோடு ஒத்துப்போகட்டும். ரேகை நிமிர்ந்து நிற்கும் குச்சியில் ஸ்க்ரூ அவ்வளவாகப் பிடிக்காது.

வளைந்த பித்தளைத் தகட்டை அப்படியே வைஸில் பிடித்து நிமிர்த்துவது அடுத்த தவறு. வளைந்த இடம் ஏற்கனவே இறுகிப்போயிருக்கும், திரும்ப நிமிர்த்தினால் கீறல் விடும். தகட்டைத் தனியே கழற்றி, மங்கலான வெளிச்சத்தில் லேசான செந்நிறம் தெரியும்வரை சூடாக்கி, ஆறவிட்டு நிமிர்த்துங்கள். எஃகு மாதிரி இல்லை, பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் இறுகாது. ஸ்பிரிங்காக வேலை செய்யும் தகட்டை மட்டும் சூடாக்கவே கூடாது, அதன் விறைப்பு போய்விடும்.

இரண்டாக உடைந்தே விட்டால் எல்லோர் கையும் ஈயப் பற்றுக்குத்தான் போகிறது. அது 200 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் மெல்லிய பற்று. பளு தாங்கும் தகட்டில் முனையோடு முனை வைத்துப் பற்றினால் நாலு முறை பூட்டித் திறப்பதற்குள் விட்டுவிடும். சரி, இப்போதைக்கு ஈயம், அப்புறம் வெள்ளிப் பற்று (வெள்ளி கலந்த உலோகத்தை அதிகச் சூட்டில் உருக்கி ஒட்டுவது) என்று நினைத்தால் அதுவும் நடக்காது. மிச்சமிருக்கும் ஈயம் 600 டிகிரிக்கு மேல் பித்தளையை அரிக்கும், வெள்ளியையும் ஒட்டவிடாது. வெள்ளிப் பற்றுக்கு வசதியில்லையா, பின்னால் ஒரு பித்தளைப் பட்டை வைத்து ரிவெட் அடித்துவிடுங்கள்.

தீ காட்டுமுன் அது பித்தளைதானா என்று மறைவான ஓரத்தில் ஒரு ராவு ராவிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமென்றால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். அது 400 டிகிரிக்கு முன்பின் உருகிவிடும், நிறம்கூட மாறாமல் திடீரென்று குழைந்து கீழே சொட்டும்.

பளபளப்புக்காகப் பித்தளை பாலிஷ் போடுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பொன்னிறமாகத் தெரிவது பழைய லாக்கர் பூச்சு, போனால் போனதுதான். அமோனியா கலந்த பாலிஷ் அழுத்தத்தில் இருக்கும் பித்தளையில் விரிசலையும் கொண்டுவரும்.

கடைசியாகப் பின்புறம். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றும்போது கிரவுண்ட் கிளாஸின் (ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்பான கண்ணாடி) மூலைகளில் பழைய காகிதத் துணுக்குகள் இருந்தால் குப்பை என்று வீசாதீர்கள். கண்ணாடியின் ஆழத்தைச் சரிசெய்ய யாரோ வைத்தவையாக இருக்கலாம். 4க்கு 5 அங்குல ஹோல்டரில் (ஃபிலிமைப் போட்டு கேமராவில் செருகும் சட்டம்) ஃபிலிம் படியும் தளம் 0.197 அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும், கூடக் குறைய 0.007 அங்குலம்தான் இடம். 8க்கு 10 என்றால் 0.260 அங்குலம். கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து, ஃபிலிமின் முகம் இருக்கும் அதே ஆழத்தில் உட்கார வேண்டும். ஹோல்டரில் வீணான ஃபிலிம் ஒன்றைப் போட்டு, ஆழமானியால் நான்கு மூலையும் அளந்து, பிறகு கண்ணாடியையும் அப்படியே அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் வித்தியாசம் காட்டினால், புது ஸ்பிரிங்கின் ஸ்க்ரூ தலை சட்டத்துக்கு அடியில் இடிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.