டிவிக்குப் பின்னால் நாலு லான் போர்ட்

சென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடுகள். சாயங்காலம் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயராவது வந்து நிற்கும். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். இத்தனை வீடும் அதற்குள் முண்டியடித்தால் கடைசி ஓவரில் படம் சுற்றத்தான் செய்யும். போன் நடமாடும், அதற்கு வைஃபை இருக்கட்டும். வைத்த இடத்தில் அசையாமல் கிடக்கும் டிவி, செட் டாப் பாக்ஸ், ப்ளேஸ்டேஷனுக்குக் கம்பிதான் சரி.

ரவுட்டரோ வாசல் பக்கம், அதிலும் கேபிள் செருகும் போர்ட் காலியில்லை. இதற்காகப் புது ரவுட்டர் வாங்காதீர்கள். ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும்; ரவுட்டரின் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி அது. கடையில் ‘நெட்வொர்க் சுவிட்ச்’ என்று முழுதாகக் கேளுங்கள். வெறும் சுவிட்ச் என்றால் ஃபேனுக்கா, லைட்டுக்கா என்பார்கள். ஐந்தில் ஒரு போர்ட் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளுக்குப் போய்விடும், மிச்சம் நான்கு.

முதல் வேலை, அளவெடுப்பது. கயிற்றைச் சுவரோரமாக, நிலைப்படியைச் சுற்றி ஓட்டிப் பார்த்து, அதன்மேல் இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரு முனையிலும் பின் போட்ட கேட் 6 (Cat 6) கேபிள் ரெடிமேடாகவே கிடைக்கும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டதும் விலை குறைவாக விற்கிறது, அது வேண்டாம். சுவரில் சின்னத் துளை வழியே இழுக்க வேண்டுமென்றால் மட்டும் பின் இல்லாத கேபிள் வாங்கி, இழுத்த பிறகு தெரிந்தவரை வைத்து முனையில் பின் பொருத்தி (கிரிம்ப்) வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, கேபிளை ஓட்டுவது. கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதைத் திணிக்காதீர்கள். தனியாக பிளாஸ்டிக் கேசிங் அடித்து அதற்குள் விடுங்கள்.

இப்போது இணைப்பு. ரவுட்டரின் லான் (LAN) போர்ட்டில் ஒரு முனை (போர்ட் காலியில்லை என்றால் ஒன்றைக் கழற்றி இதைச் செருகுங்கள்; வெளியிலிருந்து நெட் வரும், வான் (WAN) என்று எழுதிய போர்ட்டைத் தொடாதீர்கள்), மறுமுனை சுவிட்சில் எந்த போர்ட்டிலும். அடாப்டரைச் செருகினால் விளக்கு மின்னும். செட்டிங் ஒன்றும் கிடையாது. சுவிட்சிலிருந்து குட்டி கேபிள்களை டிவிக்கும் மற்றவற்றுக்கும் போட்டு, டிவியின் நெட்வொர்க் மெனுவில் வைஃபைக்குப் பதிலாக வயர்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிவி 100 எம்பிபிஎஸ் (Mbps, வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகம்) என்று காட்டினால் பதற வேண்டாம், பல டிவிகளின் போர்ட்டே அவ்வளவுதான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். ஆனால் ப்ளேஸ்டேஷன் 5-ம் 100-லேயே நின்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். மிச்ச நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் வேகம் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வீடு முழுக்க நெட் செத்துப்போனது. இணைப்புக் கொடுத்தவருக்கு போன் போட்டு மல்லுக்கு நின்றேன். கடைசியில் பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் இரண்டு முனையையும் அக்கா பையன் அதே சுவிட்சில் செருகி வைத்திருக்கிறான். தகவல் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. பிடுங்கியதும் சரியானது. அன்றைக்கே உபரி கேபிளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்புறம், ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருந்தால் சுவிட்சின் அடாப்டரையும் அதே லைனில் செருகுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் ரவுட்டர் ஓடும், டிவியும் ஓடும், நடுவில் சுவிட்ச் மட்டும் அணைந்து கிடக்கும்.