ஆராதனை முடிந்ததும் பத்து நிமிடம்

ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அதிகம் பழகாத ஒருவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள், அப்புறம், "உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். ஒருவர் போதும். சொன்னதைப் பெயரோடு குறித்து வைத்து, வாரம் முழுவதும் ஜெபியுங்கள். அடுத்த ஞாயிறு அவரைத் தேடிப் போய், "அந்தக் காரியம் என்ன ஆயிற்று?" என்று விசாரியுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்க்கும்போது நம் மனமும் நிறைந்துவிடும்.

வேதாகமத்தில், ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரூப் என்பவருடைய தாயைத் தனக்கும் தாய் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது!

ஒன்று மட்டும்: கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட.