முன்பதிவு இல்லாமல் ஆற்றோரக் காட்டில் தங்குவது: அமெரிக்க நேஷனல் ஃபாரஸ்டில் கூடாரம் போடும் முறை

மே மாதம் பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும், "லாங் வீக்கெண்டுக்கு எங்கேயாவது கேம்ப்சைட் கிடைக்குமா?" கிடைக்காது. நல்ல இடங்களெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே, புக்கிங் திறந்த சில நிமிடங்களில் போயிருக்கும். ஆனால் அதே மலையில், அதே ஆற்றின் மேல்பக்கம், முன்பதிவும் வாடகையும் இல்லாமல் கூடாரம் போட்டுத் தூங்க இடம் இருக்கிறது, அது சட்டப்படி சரியானதும்கூட. இதற்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர், சிலர் ப்ரிமிட்டிவ் கேம்பிங் என்பார்கள். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, மேஜை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, ராத்திரி பத்து மணிக்கு வந்து பக்கத்துக் கூடாரத்துப் பாட்டை நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. இவ்வளவும் இல்லாததால்தான் அது இலவசம். ஆகவே அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாமல், முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும்.

முதலில் யாருடைய நிலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. யோசமிட்டி மாதிரியான பார்க்குகளில் நினைத்த இடத்தில் காரை ஓரங்கட்டிக் கூடாரம் போட முடியாது, ஸ்டேட் பார்க்கிலும் முடியாது. ஃபாரஸ்ட் சர்வீஸ் பார்த்துக்கொள்ளும் சுமார் 19 கோடி ஏக்கரிலும், பி.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நில மேலாண்மைத் துறையின் 24 கோடி ஏக்கரிலும்தான் இது பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிறது. இந்த நிலத்தில் மிகப் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் இருக்கிறது. சியாட்டில், போர்ட்லண்ட், டென்வர், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். டெக்சாஸில் இருந்தால் கிழக்கு மூலையில் நான்கு நேஷனல் ஃபாரஸ்ட்கள் உண்டு, அதை விட்டால் மாநிலத்தின் பெரும்பகுதி தனியார் நிலம், வேலி தாண்டினால் வம்பு.

பொதுவான விதி, ஓர் இடத்தில் 14 நாள் வரை தங்கலாம் என்பது. ஆனால் காட்டுக்குக் காடு விதி மாறும், அதே காட்டுக்குள்ளும் மாறும். கூட்டம் அதிகமாகிச் சீரழிந்த இடங்களில் இப்போது எண் போட்ட இடங்களில் மட்டும் தங்கச் சொல்கிறார்கள். கொலராடோவின் க்ரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் 2021 முதல் அப்படித்தான். மூன்று வருஷம் முன்னால் நண்பர் போய் வந்த இடம் என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

எங்கே போகலாம் என்று தெரிந்துகொள்ள ஆயிரம் ஆப் இருக்கிறது. நான் நம்புவது ஃபாரஸ்ட் சர்வீஸ் வெளியிடும் வாகன வரைபடத்தைத்தான், எம்.வி.யூ.எம். என்பார்கள். கறுப்பு வெள்ளையில் பார்க்கச் சகிக்காது, ஆனால் இலவசம், சட்டப்படி செல்லுபடியாகும் வரைபடமும் அதுதான். எந்தச் சாலையில் எந்த வண்டி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை போகலாம் என்று அதில் இருக்கும். சாலைக்கோட்டின் ஓரமாகப் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்திருந்தால், அந்தச் சாலையிலிருந்து வண்டியைக் குறிப்பிட்ட தூரம் உள்ளே இறக்கித் தங்கலாம் என்று அர்த்தம், எவ்வளவு தூரம் என்பது படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும். அவென்சா ஆப்பில் இதை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். நேஷனல் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ளேயே தனியார் நிலத் துண்டுகளும் இருக்கும், அதையும் பாருங்கள்.

அப்புறம், அந்த வட்டாரத்து ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன். வியாழக்கிழமையே பேசிவிடுங்கள், சனி ஞாயிறு பல அலுவலகங்கள் பூட்டியிருக்கும். கேட்க வேண்டியது மூன்று: சாலை திறந்திருக்கிறதா, நெருப்புத் தடை இருக்கிறதா, கரடிக்காக உணவை எப்படி வைக்க வேண்டும் என்று உத்தரவு ஏதாவது போட்டிருக்கிறார்களா. கடைசியில், "சின்னப் பிள்ளைகளோடு, சாதாரண காரில் வருகிறோம், எந்தப் பக்கம் போகலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூகிள் மேப்பில் கிடைக்காத பதில் வரும்.

கலிஃபோர்னியாவில் ஒரு கூடுதல் வேலை. கட்டண முகாமுக்கு வெளியே கேஸ் அடுப்பு பற்றவைப்பதற்குக்கூட கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். ஆன்லைனில் ஒரு வீடியோ பார்த்து நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் இலவசமாகக் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. எடுக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

சாலை

காட்டுச் சாலைகளில் பழுப்பு நிறக் கம்பத்தில் எண் இருக்கும். எண் படுக்கையாக எழுதியிருந்தால் பொதுவாகச் சாதாரண கார் போகும். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இருந்தால் தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி உள்ள வண்டிதான் சரிப்படும், உங்கள் கேம்ரி தாங்காது. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே டோ டிரக்குக்குக் கொடுக்கும் காசு மிச்சம். வாடகைக் கார் என்றால் மண் சாலையில் போகலாமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஸ்டெப்னி டயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று டிக்கியைத் தூக்கிப் பாருங்கள், புது வண்டிகள் பலவற்றில் ஓட்டை அடைக்கும் பசையும் சின்ன பம்பும்தான் வைத்திருக்கிறார்கள். கடைசி ஊரில் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இடம் பிடிப்பது

பொழுது சாய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, ட்ராஃபிக்கில் ஊர்ந்து, ராத்திரி பத்துக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் இடம் தேடுவது மாதிரி மடத்தனம் கிடையாது. இருட்டில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும், எதுவும் புலப்படாது.

ஏற்கெனவே ஆட்கள் தங்கித் தங்கிப் புல் தேய்ந்து, கல் அடுக்கிய நெருப்பு வளையத்தோடு இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் புல்வெளி அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு ராத்திரி கூடாரம் போட்டால் அது தேற நாளாகும். இடத்தில் இறங்கியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டை உரிந்து இலையில்லாமல் நிற்கும் பட்ட மரம், முறிந்து தொங்கும் கிளை, இதன் கீழே படுக்கவே கூடாது. மேற்கு மலைகளில் பட்டை வண்டு அரித்துக் காடு காடாக பைன் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்திருக்கின்றன, காற்று கொஞ்சம் வலுத்தால் சாயும். மரம் விழும் தூரம் அதன் உயரம்தான் என்பதால் பத்தடி தள்ளிப் படுத்தால் போதாது.

ஆற்றுக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி இருக்கச் சொல்கிறார்கள், பெரியவர் நடையில் சுமார் 70 எட்டு. சில காடுகளில் 100 அடி போதும். தண்ணீர் கெடாமல் இருக்க, விலங்குகள் தண்ணீருக்கு வந்து போக என்று காரணம் சொல்வார்கள். உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. 2010 ஜூன் 11 அதிகாலை, ஆர்கன்சாவில் உள்ள வாஷிட்டா நேஷனல் ஃபாரஸ்டில், ஆல்பர்ட் பைக் முகாமில் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்தில் 20 அடி வரை ஏறியது. 20 பேர் இறந்துபோனார்கள். அது கழிப்பறையும் எண்ணும் போட்ட முறையான முகாம். நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

எப்படிப் போடுவது? கரையோர வில்லோ புதர்களின் கிளைகளைக் கவனியுங்கள். இடுப்புயரத்திலோ தலைக்கு மேலோ காய்ந்த புல்லும் சுள்ளியும் சடைபிடித்துச் சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. பாறைகளில் வண்டல் படிந்த கோடும் அதையேதான் சொல்லும். அந்தக் கோட்டுக்கு மேலே, ஒரு படி உயர்ந்த மேட்டில் இடம் பாருங்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேல்மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும். ஜூன் மாதத்தில் சியெர்ரா, கேஸ்கேட் மலைத்தொடர்கள் பக்கம் பனி உருகி ஓடும் ஆறுகள் காலையில் சாதுவாக இருந்து சாயங்காலத்துக்கு மேல் ஏறும், பகல் வெயிலில் உருகியது வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடையை மாலையில் திரும்பக் கடக்க முடியாமல் போகலாம். மேலே அணை இருந்தால் இன்னும் கவனம், மழையே இல்லாமல் தண்ணீர் திறந்துவிடுவார்கள், ஒகேனக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர் ஆற்றில் நீச்சல் பழகியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பனித்தண்ணீர் வேறு ரகம், விழுந்த மாத்திரத்தில் மூச்சு திணறும், சில நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது.

மேட்டில் தூங்குவதில் இன்னொரு லாபம், குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும். ஆற்றை ஒட்டிப் போட்ட கூடாரம் காலையில் உள்ளேயும் வெளியேயும் நனைந்திருக்கும்.

தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்று காரிலேயே கொண்டுபோய்விடுவது சுலபம். ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பதானால், அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம், வயிற்றைப் புரட்டிவிடும். 0.1 மைக்ரான் வடிகட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். பயன்படுத்திய வடிகட்டி ராத்திரி குளிரில் உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுப் பாழாகிவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது, அதனால் உறைபனி இரவுகளில் அதை உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நம்மாட்கள் அளவுக்கு மீறிப் போவார்கள். பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், ருசிக்குக் குறைவில்லை, ஆனால் அந்த எண்ணெய் அண்டாவை எங்கே கழுவுவது? ஆற்றில் கழுவக் கூடாது, மக்கும் சோப்பு என்று லேபிளில் போட்டிருந்தாலும் கூடாது. முதல் நாளுக்குப் புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு. மறுநாளைக்கு வறுத்து எடுத்து வந்த ரவையில் உப்புமா. பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்துவிட்டு, தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிக் கழுவி, கழுநீரை வடிகட்டி மண்ணில் விசிறிவிட்டால் முடிந்தது. வடிகட்டியில் தங்கும் கறிவேப்பிலையும் பருக்கையும் குப்பைப் பைக்குள் போக வேண்டும்.

கரடி இருக்கும் காடுகளில் வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. உணவு மட்டும் இல்லை, பற்பசை, குழந்தையின் பவுடர், தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய் பாட்டில் எல்லாமே. காருக்குள் பூட்டலாமா, கரடியால் திறக்க முடியாத டப்பா வேண்டுமா என்பதை ரேஞ்சர் சொல்லியிருப்பார். மொன்டானா, வயோமிங் பக்கம் க்ரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியின் நடமாட்டம் உண்டு, கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயைப் பையின் அடியில் புதைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கழிப்பறை

கூச்சப்படாமல் பேசிவிடலாம், ஏனென்றால் பல இடங்கள் மூடப்படுவதே இதனால்தான். தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 70 எட்டு தள்ளிப் போய், சின்னக் கைக்கரண்டியால் 6 முதல் 8 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு சாண் ஆழம் தோண்டி, முடிந்ததும் அதே மண்ணால் மூட வேண்டும். அந்த ஆழத்து மண்ணில்தான் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம். டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், விலங்குகள் கிளறி வெளியே போடும், ஜிப்லாக் பையில் போட்டு எடுத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில் பழக்கம் உள்ள நமக்கு இதில் சாதகம்தான். யூட்டா பக்கத்துப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் மண் அப்படி மக்கவைக்காது, பல இடங்களில் அதற்கென்று விற்கும் பையில் கட்டி எடுத்து வருவது கட்டாயம்.

நெருப்பு

கோடையில் தடை போட்டால் முதலில் மாட்டுவது நம் வகை முகாம்தான். கட்டண முகாமில் இரும்பு வளையத்துக்குள் விறகு எரிக்கலாம், இங்கே கூடாது என்பார்கள். திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்கு அப்போதும் பெரும்பாலும் அனுமதி இருக்கும், அதனால் சமையலுக்கு விறகை நம்பாதீர்கள். அனுமதி இருக்கும் நாளிலும் கீழே விழுந்து காய்ந்த, மணிக்கட்டுக்கு மேல் தடிமன் இல்லாத குச்சிகள் போதும். நிற்கும் மரத்தில் கைவைக்கக் கூடாது, அது பட்ட மரமாக இருந்தாலும். வீட்டிலிருந்து விறகு ஏற்றிச் செல்லாதீர்கள்: மிச்சிகனில் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை நிற வண்டு ஒன்று, விறகுக்கட்டைகளில் ஒளிந்து மாநிலம் மாநிலமாகப் பரவி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. போகும் ஊரிலேயே வாங்குங்கள்.

அணைப்பதுதான் முக்கியம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், புஸ்ஸென்று சாம்பல் எழும்பும். குச்சியால் அடிவரை கிளறுங்கள், கல்லைப் புரட்டுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சீறல் நின்ற பிறகு புறங்கையை மேலே நீட்டிப் பாருங்கள், அப்புறம் சாம்பலைத் தொட்டே பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை, மறுபடி முதலிலிருந்து. மேலே மண்ணை மட்டும் போட்டு மூடினால் உள்ளே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் நெருப்பு பரவினால் அணைத்த செலவு உங்கள் தலையில் விழலாம், அது வீட்டுக் கடனைவிடப் பெரிய தொகையாகக்கூட இருக்கும்.

பாதுகாப்பாக இருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். பொதுவாக இருக்கும். அடுத்த ஆட்களிடமிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள், பார்த்தால் கையசைத்து ஒரு ஹாய். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்புங்கள், அதற்காகவே வண்டியை வெளியே பார்த்து நிறுத்துங்கள், சாவி எங்கே என்று இரண்டு பேருக்காவது தெரியட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஐஃபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசர உதவிக்குச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் வானம் தெரிய வேண்டும், அடர்ந்த மரத்தடியில் தடுமாறும். இலையுதிர் காலம் வேட்டைப் பருவம், வேட்டைக்காரர் கண்ணில் படும்படி பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆரஞ்சு நிற மேலங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறவர்கள் அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு கட்டண முகாமோ மோட்டலோ இருக்கும்படி இடம் பாருங்கள், ஒரே ஒரு ராத்திரிக்கு, வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு.