எத்தனை பேரைக் குளவி கொட்டியது?

எங்கள் தேயிலைத் தோட்டத்து 7ஆம் நம்பர் மலையில் குளவி கலைந்த அன்று, கொட்டு வாங்கியவர்கள் 23 பேர் என்று முகநூலில் எழுதினேன். மறுநாள் பேப்பரில் 11 பேர் என்று வந்தது. காலை ஏழு மணிக்கே அதை எழுதிய நிருபர் அண்ணன் போன் எடுத்தார்.

"தங்கச்சி, வாய்க்கு வந்த கணக்கை எல்லாம் போட்டா, நாளைக்கு நாங்க உண்மையை எழுதினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஹட்டன்ல உக்காந்து போன்ல கேட்டு எழுதுறீங்க. நான் ஆளுங்கள லொறியில ஏத்திவிட்டவ."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் டிஸ்பென்சரிப் பக்கம் போனபோதுதான் கணக்கு புரிந்தது. மலையில் கொட்டு வாங்கியது 23 பேர். அவர்களில் 12 பேர் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். மீதி 11 பேரைத்தான் லொறி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. மலையிலிருந்து லொறி டிஸ்பென்சரிக்குக் கிளம்பும் முன் நான் எண்ணினேன். அவர் பொலிஸைக் கேட்டார், பொலிஸ் வைத்தியசாலையைக் கேட்டது. இரண்டு கணக்கும் சரி. எங்கே எண்ணியது என்பதைத்தான் இரண்டு பேருமே எழுதவில்லை.

நான் பகலில் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள், ராத்திரியில் முகநூலில் தோட்டச் செய்தி எழுதுகிறவள். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இப்போது தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் (பிரிவிலும்) ஒரு தம்பியோ தங்கச்சியோ செய்தி போடப் போனும் கையுமாக நிற்கிறார்கள். நிருபர்மாருக்கும் அவர்களுக்கும் வாரம் ஒரு சண்டை. அதனால்தான் அந்தத் தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன்.

கொப்பியில் மூன்று பத்தி

80 பக்கக் கொப்பி போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நீங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டாவதில் மற்றவர் சொன்னது, யார் சொன்னார், எத்தனை மணிக்கு. மூன்றாவதில் கடதாசியில் இருப்பது: டிஸ்பென்சரிப் பதிவு, கிராம உத்தியோகத்தர் எடுத்த பட்டியல், வர்த்தமானி (அரசாங்க கெசட்), சம்பளச் சிட்டை. ஒன்றைப் பிழையான பத்தியில் எழுத மனம் தானாகவே போகும். மலையில் மயங்கி விழுந்த அக்காவைப் பக்கத்து வீட்டம்மா அழுதுகொண்டே விவரித்தால், பத்து நிமிஷத்தில் அது நீங்களே பார்த்தது போல ஆகிவிடும். அதனால் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைக்காதீர்கள்.

எண்ணிக்கை வரும்போது ஒரு வேலை கூட. எங்கே நின்று எண்ணியது, எத்தனை மணி வரைக்கும் எண்ணியது என்பதை எண்ணோடு ஒட்டிவிட வேண்டும். இன்று அந்தக் குளவிச் செய்தியை எழுதினால் இப்படித்தான் போடுவேன்: "மலையில் கொட்டு வாங்கியவர்கள் 23 பேர், அவர்களில் 12 பேர் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்தெடுத்து வீடு திரும்பினர், 11 பேர் பிற்பகல் 3 மணி வரை வைத்தியசாலையில்." கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதை வைத்து எந்த நிருபரும் சண்டைக்கு வர முடியாது.

அன்று மலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், பேர் போடுகிறவர் அவர்தானே. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை லொறி டிரைவர் சொல்வார். தொழிற்சங்கத் தலைவரைக் கேட்டால் தலைவர் ஒரு எண் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் பத்தியில்.

இடத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். "கீழ்ப்பிரிவில் லயம் எரிகிறது" என்று மட்டும் போட்டால், கீழ்ப்பிரிவு இல்லாத தோட்டம் எது? கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகள் ஊர் முழுக்கப் போன் அடித்து அழுவார்கள். தோட்டத்தின் பெயர், பக்கத்து டவுன், பொலிஸ் பிரிவு, இந்த மூன்றும் முதல் வரியிலேயே வர வேண்டும். லயம் எரிந்தால் "மின்னொழுக்கே காரணம்" என்று நிருபர்மார் கை தன்பாட்டில் எழுதும். புகை அடங்குவதற்கு முன்னமே காரணம் தெரிந்துவிட்ட மாதிரி! நீங்களும் அதைப் பார்த்து எழுதாதீர்கள். தெரியாவிட்டால் காரணமே இல்லாமல் விடலாம், செய்தி செத்துவிடாது.

நாற்பது குடும்பம்

நான் செய்ததிலேயே பெரிய பிழை இது.

ஒரு மழைக்காலத்தில், மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து 40 குடும்பம் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டதாக வட்ஸ்அப்பில் வந்தது. "சொல்லப்படுகிறது" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு எழுதினேன். அந்தச் சொல் என்னைக் காப்பாற்றும் என்று நினைப்பு. ஒரு பேப்பர்க்காரர் அதை எடுத்துச் செய்தியாக்கினார். "சொல்லப்படுகிறது" விழுந்துவிட்டது, 40 மட்டும் நின்றது. மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பேப்பரைப் படமெடுத்து, "உறுதியாகிவிட்டது" என்று மறுபடியும் போட்டேன். என் பொய்க்கு என் பொய்யே சாட்சி.

கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் இருந்தது 14 குடும்பம். கொழும்பிலிருந்து 40 உலருணவுப் பொதியோடு வந்த நல்ல மனிதர்கள் 14 குடும்பத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆளுங்க பொய்க்கணக்குச் சொல்லி வாங்குறாங்க" என்று பேசிக்கொண்டே போனார்கள். கோயில் மண்டபத்தில் நனைந்த பாயில் படுத்திருந்த யாரும் 40 என்று சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து பேப்பரில் வந்ததை ஆதாரமாக எடுக்கும் முன் அந்த நிருபரிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்: "அண்ணே, இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?" பதில் "முகநூலில் பார்த்தேன்" என்றால், சுற்றி வந்து நம் வாசலிலேயே நிற்கிறோம் என்று அர்த்தம். அவரும் உங்களிடம் இதையே கேட்கட்டும். கோபிக்காதீர்கள்.

மண்சரிவுச் செய்தியில் அவசரம் அதிகம் என்பதால் பிழையும் அதிகம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியபோது, காணாமல் போனவர்களின் கணக்கு முதலில் நூறு, இருநூறு என்று ஏறியது. பிறகு ஆளாளாகப் பெயர் எடுத்தபோது வெகுவாக இறங்கியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருந்தார்கள். லயத்து வீடுகளை ஆட்களால் பெருக்கினால் கிடைக்கிற எண் அன்று அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்களின் எண் இல்லை.

எச்சரிக்கை என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலை எடுங்கள். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றர், 100, 150 என்று தாண்டத் தாண்ட நிறம் ஏறும். எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதும் அதிலேயே இருக்கும். மாவட்டம் முழுக்கச் சிவப்பு என்று எழுதிவிடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் கடைசி வரியில் போடுங்கள். அதே போல, வான்கதவு திறப்பது வேறு, அணை உடைவது வேறு. தலவாக்கலையில் மேல் கொத்மலை வான்கதவு மழைக்குத் திறக்கும், மூடும்.

படங்களை கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2016 அரநாயக்க மண்சரிவுப் படம் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் புதுசாகப் பிறக்கிறது.

1,700 கதை

சம்பளச் செய்திக்கு வர்த்தமானி ஒன்றே போதும் என்று நினைத்திருந்தேன். 2024 மே தினத்துக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. நானும் போட்டேன், பட்டாசு கொளுத்தினார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. நான் போட்டது பொய் இல்லை, ஆனால் கடதாசியில் இருப்பதும் கையில் வருவதும் ஒன்றில்லை. இப்போது வர்த்தமானியைச் சொன்னால் கூடவே, "இந்த மாதச் சிட்டையில் வந்ததா?" என்று இரண்டு மூன்று பேரிடம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெயர் சொல்லாத அக்கா

நிருபருக்கும் நமக்கும் உண்மையான உரசல் இங்கேதான். கொழுந்து நிறுக்கும்போது கிலோ கழிக்கிறார்கள் என்று ஓர் அக்கா என்னிடம் சொல்வார். நிருபரிடம் சொல்ல மாட்டார். நிருபருக்குப் பெயர் இல்லாமல் ஆசிரியர் பீடம் ஏற்காது. "பெயரில்லாத ஆளை வச்சு நான் எப்படி எழுத?" என்பார். அவர் கேட்பது நியாயம். சொல்ல மாட்டேன் என்று நான் நிற்பதும் நியாயம்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ஒரே ஆளின் சிட்டையைக் காட்டுவதில்லை. வேறு வேறு லயத்தில் ஐந்து பேரின் சிட்டையை வாங்கி, பெயரும் இலக்கமும் இருக்கிற பக்கத்தை மடித்துவிட்டு நிருபரிடம் நேரே காட்டுவேன். படம் எடுக்க விடுவதில்லை. அவர் கண்ணால் பார்க்கிறார், துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) பதில் கேட்கிறார், எழுதுகிறார். எழுத்தில் லய நம்பர் வராது, நாள் வராது, "இரண்டு பிள்ளைகளின் தாய்" என்பதும் வராது. 12 வீட்டு லயத்தில் அது பெயர் சொல்வதற்குச் சமம்.

தோட்டத்துக்குள் வர துரையிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை நிருபர்மாருக்குப் புதிதில்லை. பத்திரிகையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யர் அந்தக் காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில்தான் தோட்டத்துக்குள் நுழைந்தார். நமக்கு வேஷம் தேவையில்லை, நம் வீடே உள்ளே இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு நாம் தேவை, பாதிக்கப்பட்டால் ஓடிப்போக நமக்கு இடமும் இல்லை.

படத்தின் விஷயம் சுருக்கமாக: "படம்: இணையம்" என்று போடும் பேப்பருக்கு இரண்டாம் தடவை கொடுக்காதீர்கள். அனுப்பும்போதே எந்தப் பெயர் போட வேண்டும், எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதி அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனில் அழிக்காமல் வைத்திருங்கள். நிருபர் உங்களிடமிருந்து தகவல் எடுத்தால் உங்கள் பெயர் வர வேண்டும், அவர் அலைந்து எடுத்ததை நீங்கள் போட்டால் அவர் பெயர் வர வேண்டும். பிரசுரமாகிற செய்திக்குத்தான் அவருக்குக் காசு என்பதை எனக்கு அவர் சொன்ன நாளில்தான், அவர் எழுதியதை முழுசாகப் பிரதி எடுத்துப் போடுவதை விட்டேன்.

பிழைத்தால்

அழிக்காதீர்கள். அழித்தால் ஸ்க்ரீன்ஷொட்தான் மிஞ்சும், திருத்தம் மிஞ்சாது. பிழையான வரியை அப்படியே விட்டு, அதற்கு மேலே "திருத்தம்" என்று போட்டு, சரியான எண், யாரிடமிருந்து கிடைத்தது, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பேப்பர் உங்களிடமிருந்து எடுத்திருந்தால் அந்த நிருபருக்கு முதலில் போன் எடுங்கள். அவர் திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 40 குடும்பக் கதை இன்னும் சுற்றுகிறது. யாராவது மழை பெய்தால் எடுத்து அனுப்புகிறார்கள். நான் அதன் கீழே "14, கிராம உத்தியோகத்தர் பட்டியல்" என்று போட்டுக்கொண்டே இருக்கிறேன். போன கிழமையும் ஒருமுறை போட்டேன். அதை அனுப்பியது நிருபர் அண்ணன்தான், "இது உன்னோடதா?" என்று கேட்டு.