மாரியும் தொற்றும் சேர்ந்து வரும்போது ஊருக்கு அறிவித்தல் எழுதும் முறை

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்தது. யாழ்ப்பாணத்தின் தாழ்நிலங்களில் வெள்ளம் நின்றது. அந்த மாதம் பாதியாகுமுன்பே மருதனார்மடம் சந்தையை மையமாகக் கொண்டு கொரோனாத் தொற்றும் பரவத் தொடங்கியது. "வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்" என்பதையும் "வீட்டில் இருக்காதீர்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்பதையும் ஒரே குடும்பத்திடம் ஒரே மாதத்துக்குள் சொல்லவேண்டிய காலமாக அது இருந்தது. இரண்டும் சரியான அறிவுரைகள்தான். ஆனால் எது யாருக்கு, எந்த நேரத்தில் என்று சொல்லப்படாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒருவரை முற்றத்திலேயே நிறுத்திவிடும். பிரதேச சபை உறுப்பினர்கள், உப அலுவலகங்களில் பணியாற்றுவோர், கிராம அலுவலர்கள், சனசமூக நிலையச் செயலாளர்கள் என ஊருக்கு அறிவித்தல் எழுதும் பொறுப்பு எவரிடம் வந்தாலும், அவர் கவனிக்கவேண்டியவற்றை இங்கு எழுதுகிறேன்.

எழுதத் தொடங்குமுன் எந்த விடயம் யாருடைய பொறுப்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உள்ளூராட்சி மன்றங்களோ ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 ஆகும். இடைத்தங்கல் முகாம் திறப்பது, சமைத்த உணவும் உலர் உணவும் கொடுப்பது, சேதங்களைப் பதிவது ஆகியவை பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் செய்யும் வேலைகள். தனிமைப்படுத்தல், பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தீர்மானிக்கிறார்கள். உள்ளூர் வீதி, வெள்ளவாய்க்கால், தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம் ஆகியவை சபைக்குரியவை. மக்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் எழுதுபவருக்குத் தெரியாமல் போனால், முகாம் திறக்கும் அதிகாரம் இல்லாதவர் முகாம் திறந்துள்ளதாக அறிவித்துவிட, நனைந்துகொண்டு வந்தவர்கள் பூட்டிய பாடசாலைக் கதவின் முன் நிற்க நேரிடும். ஆகவே வேறொரு திணைக்களத்தின் தீர்மானத்தைச் சொல்லும்போது, அந்தத் திணைக்களத்தில் பொறுப்பான ஒருவரிடம் வாயால் உறுதிப்படுத்திய பின்னரே எழுத வேண்டும். யார் தீர்மானித்தது என்பதையும் அறிவித்தலில் குறிக்க வேண்டும்.

இனி அறிவித்தலின் வாசகத்துக்கு வருவோம். நம் அலுவலகங்களில் பழகிப்போன நடை இப்படி இருக்கும்: "தற்போது நிலவும் சீரற்ற காலநிலை காரணமாகவும் கொவிட்-19 தொற்று நிலைமையைக் கருத்திற்கொண்டும் பொதுமக்கள் அனைவரும் மிகவும் அவதானமாகச் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு எழுந்து செய்வதற்கு ஒரு காரியமும் இல்லை. அவதானமாக இருக்கச் சொன்னால் ஒருவர் என்ன செய்வார்? குடையை எடுத்து வாசலில் வைப்பார், அவ்வளவுதான்.

அதே செய்தியை ஒரு கற்பனை ஊருக்காக இப்படி எழுதலாம்: "டிசம்பர் 3, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணிக்கு எழுதப்பட்டது, நாளை காலை 7 மணிவரை செல்லும். அம்மன் கோயில் ஒழுங்கையிலும் குளத்தடி வீதியிலும் மதகுக்குத் தெற்கே குடியிருப்போர் இன்று மாலை 5 மணிக்கு முன்னர் பாடசாலை மண்டபத்துக்கு வரவும். மதகுக்கு வடக்கே இருப்போர் வீட்டிலேயே இருக்கவும். தனிமைப்படுத்தலில் உள்ள குடும்பத்தினர் மண்டபத்துக்கு நேரே வராமல் முதலில் கிராம அலுவலருக்கு அழைக்கவும். அவர்களுக்கென மேற்குப்பக்க வகுப்பறை தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. அடையாள அட்டை, குடிக்கும் மருந்துகள், கிளினிக் கொப்பி, முகக்கவசம், மாற்றுடுப்பு ஆகியவற்றைக் கொண்டுவரவும். ஆடு மாடுகளைச் சந்தை வளவில் கட்டலாம். அடுத்த அறிவித்தல் நாளை காலை 7 மணிக்கு வெளிவரும். தீர்மானித்தவர்: பிரதேச செயலாளர்."

இந்த மாதிரியில் சில இடங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. வட்டார எண்ணோ, கிராம அலுவலர் பிரிவின் "ஜே" எண்ணோ எழுதப்படவில்லை. தன் வீடு எந்த எண்ணுக்குள் வருகிறது என்று பலருக்கும் தெரியாது, மதகு எங்கே இருக்கிறது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். போகவேண்டியவர்களைச் சொன்ன அதே மூச்சில் இருக்கவேண்டியவர்களையும் சொல்லியாயிற்று. அப்படிச் சொல்லாவிட்டால் அச்சத்தில் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து நெருக்கியடிப்பார்கள், தொற்றுக் காலத்தில் நாம் தவிர்க்க நினைத்ததே அதுதான். மாடு கட்டும் இடத்தைக் குறிப்பது சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் இடுப்பளவு தண்ணீரிலும் வீட்டைவிட்டு வர மறுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களில் பலர் தம் பொருட்டு அல்ல, பட்டியில் நிற்கும் வாயில்லாச் சீவன்களின் பொருட்டே மறுக்கிறார்கள். என் கணிப்பில் அந்த ஒரு வரி, பத்து வரி எச்சரிக்கையைவிட அதிகம் பேரை மேட்டுக்குக் கொண்டுவரும்.

எழுதிய நாளும் நேரமும், அது எதுவரை செல்லும் என்பதும் ஒவ்வொரு அறிவித்தலிலும் தலைப்புக்கு அருகிலேயே இருக்க வேண்டும். முன்பெல்லாம் வாசிகசாலைச் சுவரில் ஒட்டிய தாளை மழையே கிழித்துவிடும்; இப்போது அதன் படம் வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் அழியாமல் சுற்றுகிறது. கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் பிள்ளை, தாய்க்கு உதவும் எண்ணத்தில், மூன்று நாளைக்கு முந்திய ஊரடங்கு அறிவித்தலை நள்ளிரவில் அனுப்பிவைக்கிறார். தாயும் அதை நம்பி மறுநாள் சங்கக்கடைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார். திகதியைக் கடிதத் தலைப்பில் சிறிய எழுத்தில் போட்டால் போதாது. படத்தை வெட்டி அனுப்பினாலும் கூடவே போகும்படி, முதல் வரியின் உள்ளேயே அது இருக்க வேண்டும். ஒரு கட்டளை மாறும்போது புதியதை மட்டும் வெளியிட்டுவிட்டு இருந்துவிடாமல், "செவ்வாய்க்கிழமை வந்த அறிவித்தல் இனிச் செல்லாது" என்று வெளிப்படையாக எழுதி, சந்தியில் ஒட்டிய பழைய தாளையும் ஆளை அனுப்பிக் கழற்றுவிக்க வேண்டும்.

மின்சாரம் நின்று சில மணிநேரத்தில் தொலைபேசிகளும் கோபுரங்களும் ஓய்ந்துவிடும் என்பதால், கையில் திறன்பேசி இருக்கும் வீட்டுக்கும் வேறொரு வழி வேண்டும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வது இன்னும் பயன்படுகிறது. ஆனால் ஓடும் ஆட்டோவிலிருந்து நீண்ட வாக்கியத்தை வாசித்தால், தகரக்கூரையில் மழை அடிக்கும் வீட்டுக்குள் இருப்பவருக்கு நடுவிலுள்ள நாலு சொற்கள் மட்டுமே கேட்கும். ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முதலில் ஒழுங்கையின் பெயரைச் சொல்லி, அதன் பின்னரே செய்யவேண்டியதைச் சொல்லி, இரண்டு முறை திரும்பக் கூற வேண்டும். கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் உள்ள ஒலிபெருக்கிகளை எந்தச் செய்திக்குப் பயன்படுத்தலாம் என்பதை மாரி தொடங்குமுன்னரே நிர்வாகத்தினரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. காது கேளாதவர்கள், தனித்து வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு ஒருவர் நேரில் போயே ஆக வேண்டும். அந்த வீடுகள் எவை என்பது குடும்பநல உத்தியோகத்தருக்கும் அயலவருக்கும் தெரிந்திருக்கும்.

காய்ச்சலைப் பற்றி எழுதும்போது எல்லை தாண்டக் கூடாது. மாரியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுகிறது. வயலிலும் வெள்ளத்திலும் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். கொரோனாவிலும் காய்ச்சல் வரலாம். எந்தக் காய்ச்சல் என்று பிரித்தறிய உதவுவதாக நினைத்து அறிகுறி அட்டவணை வெளியிடுவது சபையின் வேலையன்று. அதைப் பார்த்து வீட்டிலேயே முடிவெடுப்பவர் காலம் தாழ்த்திவிடுவார். சொல்லவேண்டியது சுருக்கமானது: பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எடுக்க வேண்டாம், குறிப்பாக அஸ்பிரினும் ஐபுபுரூபனும் வேண்டாம், காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம், வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் அதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவும், மூச்சுவிடச் சிரமம், இரத்தக்கசிவு, கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நாளைக் கணக்குப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும், வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைக்கவும். வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து எங்கே, எந்த நாளில் கொடுக்கப்படுகிறது என்பதைச் சுகாதாரப் பணிமனையிடம் கேட்டு உடன் சேர்த்தால், அந்தத் தாள் நிச்சயம் வாசிக்கப்படும்.

கிணற்றுக்கென்று தனி அறிவித்தல் வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழியும் கிணறும் அருகருகே இருக்கும் நமது வளவுகளில், வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது. உடனே இயந்திரம் வைத்து இறைத்துவிடத் தோன்றும். ஆனால் சுற்றியுள்ள நிலம் ஊறி நிற்கும்போது அவசரப்பட்டு முழுவதையும் இறைத்தால் கட்டு இடிந்து உள்ளே விழக்கூடும். வெள்ளம் வடியும்வரை பொறுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவுறுத்தலின்படி இறைத்துக் குளோரின் இடவேண்டும் என்றும், அதுவரை கொதிக்கவைத்த நீரை அல்லது சபை பௌசரில் கொண்டுவரும் நீரைக் குடிக்கவேண்டும் என்றும் எழுதுக. பௌசர் எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை ஒழுங்கை வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் வாளிகளோடு ஒரே கூட்டமாக நிற்கமாட்டார்கள். உலர் உணவு, கொடுப்பனவு ஆகியவற்றுக்கும் இதுவே முறை. 2020 ஏப்ரலில் 5,000 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டபோது பணத்தைவிடப் பட்டியலைப் பற்றிய கேள்விகளே ஊரில் அதிகம் எழுந்தன. ஆகவே யாருக்குக் கிடைக்கும், பெயர் விடுபட்டிருந்தால் யாரிடம் எந்த நாளுக்குள் முறையிடலாம் என்ற இரண்டையும் முதல் அறிவித்தலிலேயே எழுதிவிட வேண்டும்.

நோயுற்றவரின் பெயரோ, வீட்டு அடையாளமோ, "அந்தக் கடைக்கு அடுத்த வீடு" போன்ற சாடையோ எதிலும் வரக்கூடாது. சந்தைக்கோ செத்தவீட்டுக்கோ குறித்த நாளில் போனவர்கள் பரிசோதனைக்கு வரவேண்டுமானால் இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டால் போதும். பெயர் வெளியாகும் என்ற பயம் ஊரில் பரவினால் அடுத்த நோயாளி காய்ச்சலை மறைப்பார், அதன்பின் எந்த அறிவித்தலாலும் பயனில்லை.

வதந்திக்குப் பதில் எழுதும்போது வதந்தியைத் தலைப்பாக்காதீர்கள். ஒவ்வொரு மாரியிலும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாக யாழ்ப்பாணக் குழுக்களில் செய்தி பறக்கும். அந்த நீர் கனகராயன் ஆற்றுவழியே சுண்டிக்குளம் பக்கம் போவது, கிளிநொச்சியின் கண்டாவளைப் பகுதியினர் கவனிக்கவேண்டியது, வலிகாமத்தில் இருப்பவரின் முற்றத்துக்கு வருவதில்லை. "நமது பகுதிக்கு இன்று எச்சரிக்கை எதுவும் இல்லை, வழுக்கையாற்றோரம் குடியிருப்போர் மட்டும் நீர்மட்டத்தைக் கவனிக்கவும்" என்று உண்மையை முன்னே வைத்துவிட்டால், மற்றதை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஐயம் உள்ளவர்கள் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும், அறுந்த மின்கம்பி கண்டவர்கள் மின்சார சபையின் 1987 இலக்கத்திலும் கேட்கலாம் என்று சேர்க்கவும்.

செய்ய முடியாததையும் எழுதத்தான் வேண்டும். பணியாளர்கள் தனிமைப்படுத்தலில் இருப்பதால் இந்தக் கிழமை குப்பை உழவு இயந்திரம் வராது என்றால், வராது என்றே சொல்லி, பாவித்த முகக்கவசத்தையும் கைதுடைத்த கடதாசியையும் வேறாகக் கட்டி வைக்கும்படியும், நீர் தேங்கும் சிரட்டை, ரயர், யோகட் கோப்பை ஆகியவற்றை வளவுக்குள்ளேயே கவிழ்த்து வைக்கும்படியும் கேளுங்கள். புதிய செய்தி இல்லாத நாளிலும் சொன்ன நேரத்துக்கு அறிவித்தல் வரவேண்டும். "நேற்றையதில் மாற்றம் இல்லை" என்ற ஒரு வரி போதும். காலை 7 மணிக்கென்று சொல்லிவிட்டு 11 மணிக்கு வருவது வழக்கமானால், இடையிலுள்ள நாலு மணிநேரத்தையும் வதந்தி நிரப்பிக்கொள்ளும்.

வெள்ளம் வடிந்த பின் வரும் அறிவித்தல்களில் பெரும்பாலும் அவசரம் குறைந்துவிடும். சேதப் பதிவு மட்டும் விதிவிலக்கு. வீட்டைக் கழுவித் துடைக்குமுன் சுவரில் நீர் நின்ற அடையாளத்தையும் இடிந்த பகுதிகளையும் படம் எடுத்து வைக்கும்படி முதல் நாளே சொல்ல வேண்டும், ஏனெனில் துப்புரவான பெண்கள் உள்ள வீடுகளில் இரண்டாம் நாள் படம் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. வீட்டுச் சேதம் கிராம அலுவலரிடமும் பயிர்ச்சேதம் கமநல சேவை நிலையத்திலும் பதியப்படும் என்பதையும், இறுதித் திகதியையும், தனிமைப்படுத்தலில் இருப்பவர் தொலைபேசியில் பதியலாமா என்பதையும் கேட்டறிந்து எழுதுங்கள். வெளியிட்ட எல்லா அறிவித்தல்களின் பிரதிகளையும் நேரவரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள். பெயர் விடுபட்டது பற்றிய முறைப்பாடு தை மாதத்தில் வரும்போது, எந்த ஒழுங்கைக்கு எந்த நாளில் என்ன சொல்லப்பட்டது என்பதை அதிலிருந்தே காட்டலாம்.