கடன் வரம்பு மசோதாவுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். "மாமா, அமெரிக்காவுல கடன் வரம்பை நிறுத்தி வெச்சா பட்ஜெட்ல எவ்வளவு கூடும்?" என்று கேட்டாள். அந்த நாட்டு அரசு மொத்தமாக எவ்வளவு கடன் வைத்திருக்கலாம் என்று சட்டம் போட்ட உச்சம்தான் கடன் வரம்பு; அதை நிறுத்திவைப்பது என்றால் கொஞ்ச காலத்துக்கு அந்த உச்சம் செல்லாது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது.

முதல் வேலை, வரம்பை நிறுத்திவைக்கும் பிரிவுக்கு நேராகப் பூஜ்யம் போடுவது. நானே சறுக்கிய இடம் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூரத்திலிருந்து சரக்கு அனுப்புகிறவர் எங்கள் கடன் வரம்பை 5 லட்சத்திலிருந்து 8 லட்சமாக்கினார். நான் செலவில் 3 லட்சத்தை ஏற்றிவிட்டேன். "சரக்கு இறங்கி பில்லும் வந்தாச்சு. புதுசா என்னடா வாங்கினோம்?" என்று முதலாளி கத்தினார். அமெரிக்காவிலும் அதே கதைதான். செலவையும் வரியையும் முடிவு செய்பவை வேறு சட்டங்கள். அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம். இருக்கும் சட்டங்கள் மாறாவிட்டால் வரவு செலவு எப்படிப் போகும் என்று அது போடும் அடிப்படை மதிப்பீடு, கட்டவேண்டியதெல்லாம் கட்டப்படும் என்றே வைத்துக்கொண்டு போடப்படுவது. அதனால் வரம்பை நிறுத்தியதால் மட்டும் எதுவும் கூடாது, குறையாது.

அப்படியானால் தொகை எங்கே? கூடவே ஒட்டிவரும் பிரிவுகளில். 2023 ஜூன் 3 அன்று அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட நிதிப் பொறுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 வரை வரம்பை நிறுத்திவைத்ததோடு, ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவுக்கு உச்சமும் வைத்தது: 2024க்கு சுமார் 1.59 லட்சம் கோடி டாலர், 2025க்கு அதில் ஒரு சதவீதம் கூடுதல்.

கூடுதல் எப்படி மிச்சமாகும் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. போன வருஷத்தோடு ஒப்பிடக் கூடாது. சட்டம் வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். கடை டீச் செலவு மாதம் 3,000. விலைவாசிப்படி அடுத்த வருஷம் 3,300 ஆகும். 3,100க்குள் முடித்தால் 200 மிச்சம். அப்புறம் வரும் வருஷங்களும் அந்தக் குறைந்த தொகையிலிருந்தே ஏறும். இரண்டு வருஷக் கட்டுப்பாடு பத்து வருஷத்தில் 1.3 லட்சம் கோடி டாலர் மிச்சமாவது இப்படித்தான்.

சின்னப் பிரிவுகளில் ஏமாந்துவிடாதீர்கள். வருமான வரித் துறைக்கு முன்பே கொடுத்ததில் 140 கோடி டாலரைத் திரும்ப எடுத்தார்கள். பார்த்தால் லாபம். ஆனால் வரிக் கணக்குகளைச் சோதிப்பது குறைந்தால் வசூல் 230 கோடி குறையும் என்பது மதிப்பீடு. ஆக 90 கோடி பற்றாக்குறை கூடுகிறது. (பாக்கி வசூலுக்குப் போகும் பையனை நிறுத்திச் சம்பளத்தை மிச்சம் பிடித்த கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும்.) ஏழைகளுக்கான உணவு உதவியைப் பெற வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை 54 வயதுவரை நீட்டினார்கள். வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் விலக்கு கொடுத்ததில், மொத்தச் செலவு 210 கோடி கூடும் என்று வந்தது.

கடைசியில் வட்டி. கடன் குறைந்தால் வட்டியும் குறையும். அதைத் தனி வரியாக எழுதுங்கள். இந்தச் சட்டத்தில் அது 18,800 கோடி டாலர். அவள் கூட்டியபோது 1,48,800 கோடி வந்தது. அலுவலகம் சொன்னது சுமார் 1.5 லட்சம் கோடி. வரம்புக்கு நேராகப் போட்ட பூஜ்யம் அப்படியே இருந்தது.