மலைநாட்டுல கயாக் ரேக் வெக்கிறவங்க செய்ற தவறுகள்

இலங்கை மலைநாட்டுல நோர்வூட் பக்கம் எங்க மச்சான் சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துறாரு, காசல்ரீ நீர்த்தேக்கத்துல ஓட்டுறதுக்கு நாலு பிளாஸ்டிக் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டுற ஒடுங்கின சின்ன படகு இருக்கு. அதையெல்லாம் அடுக்கி வெக்க முதல்ல செஞ்ச ரேக் ஒரு ஜூன் மாசம் ராத்திரி காத்துல அப்படியே குப்புற விழுந்து ரெண்டு கயாக் வெடிச்சிருச்சு. படத்துல பாத்து அதே அளவுல செஞ்ச ரேக்தான், வெல்டிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் படம் சமதரையில, காத்து இல்லாத ஒரு கராஜ் பக்கத்துல எடுத்தது. நம்ம ஊர்ல ரேக் தாங்க வேண்டியது கயாக்கோட பாரத்தை மட்டும் இல்ல, காத்தையும் மழையையும் சரிவையும் சேத்துத்தான். இதை விட்டுட்டு செய்றதுலதான் முக்கால்வாசி தவறு வருது.

காத்தையே முதல்ல சொல்றேன். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து அட்டன், மஸ்கெலியா பக்கம் எப்படி அடிக்கும்னு இங்க இருக்கவங்களுக்கு தெரியும். மூணரை மீட்டர் கயாக்க பக்கவாட்டுல நிறுத்தி வெச்சா அது ஒரு பாய்மரம் மாதிரிதான், 60 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா அடிச்சா 30 கிலோவுக்கு மேல தள்ளும், கயாக்கோட எடையே பெரும்பாலும் 25 கிலோ கிட்டத்தான். அதனால கயாக்கோட அகலப் பக்கத்த காத்துக்கு காட்டாதீங்க, மூக்கு காத்தைப் பாத்து இருக்கணும். உங்க பள்ளத்தாக்குல காத்து எந்தப் பக்கம் வருதுன்னு தெரியலன்னா தேயிலைக்குள்ள நிழலுக்கு நிக்கிற மரங்கள் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க, அது பொய் சொல்லாது.

அடுத்தது கால். நடுவுல ஒரு தூண், ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி ரேக் பாக்க அழகா இருக்கும், எடமும் கொஞ்சமாத்தான் புடிக்கும். ஆனா காலையில ரெண்டு பேர் வந்து ஒரே பக்கத்துல இருக்க ரெண்டு கயாக்கையும் எடுத்துட்டு போனா மிச்ச பாரம் முழுக்க மத்த பக்கம், கால் குட்டையா இருந்தா சாயும், எங்களோடது விழுந்த அன்னைக்கும் ஒரு பக்கம் காலியாத்தான் கெடந்துச்சு. கை எவ்வளவு தூரம் வெளிய நீளுதோ கீழ இருக்க காலும் அந்தளவுக்காவது நீளணும், 70 சென்டிமீட்டர் கைன்னா 70 சென்டிமீட்டர் கால், இதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க. பாரமான ரெட்டை ஆள் கயாக்க அடித்தட்டுல வைங்க. நாலு மூலையிலயும் குறுக்குச் சட்டம் போட்டு முக்கோணம் கட்டாம விட்டா எவ்வளவு தடிச்ச பைப்பும் ஆடும்.

கால மண்ணுல நேரா புதைக்கிறதும் தப்பு. நம்ம செம்மண் மழையில எளகிரும், ஒரு கால் ரெண்டு அங்குலம் எறங்கினா போதும், ரேக் முறுக்கி அதுல இருக்க கயாக்கும் முறுக்கிக்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழ கொங்கிரீட் கட்டை போட்டு போல்ட்ல எறுக்குங்க. எடம் சமமா வேணும்னு மேல் பக்கத்து சரிவ வெட்டி எடுக்காதீங்க, மண்சரிவுக்கு நாமளே வழி விட்ட மாதிரி ஆகும், அதுக்கு பதிலா கீழ்ப்பக்கத்து காலை நீட்டமா செஞ்சு மட்டம் பாருங்க. தண்ணிக்கு கிட்ட வெச்சா தூக்குறது லேசுன்னு கரையிலயே வெக்கிறவங்களும் இருக்காங்க, ஆனா நீர்த்தேக்கம் நிறைஞ்சு வான் பாயுற அளவுக்கு தண்ணி ஏறினா என்ன ஆகும்னு யோசிக்கணும், முதல்ல கரையில தண்ணி ஏறின பழைய அடையாளத்தப் பாத்து அதுக்கு மேலதான் எடம் பாக்கணும்.

இனி கயாக் உக்காருற விதம். பாலித்தீன் பிளாஸ்டிக் வெயில்ல எளகும், மெல்லிசு கம்பி மேல அடிப்பக்கத்த வெச்சு மாசக்கணக்கா விட்டா அந்த எடத்துல குழி விழும், அப்புறம் தண்ணியில நேரா போகாது. குப்புறவோ பக்கவாட்டுலயோ வைங்க, கீழ அகலப் பட்டை போடுங்க, பழைய சீட் பெல்ட் பட்டை கெடைச்சா அதை தொட்டில் மாதிரி தொங்க விட்டா இன்னும் நல்லது. தாங்குற எடம் ரெண்டு முனையில இருந்தும் நீளத்துல நாலுல ஒரு பங்கு தள்ளி, அதாவது 3.2 மீட்டர் கயாக்னா ஒவ்வொரு பக்கமும் 80 சென்டிமீட்டர். முனையில இருக்க கைப்பிடில தொங்க விடவே கூடாது. மெத்தைக்கு போடுற ஸ்பொஞ்ச சுத்தாதீங்க, அது தண்ணிய குடிச்சிட்டு பூஞ்சணம் புடிக்கும், ஏசி பைப்புக்கு சுத்துற கறுப்பு ஃபோம் பரவாயில்ல. லொறிக்கு போடுற ரட்செட் பெல்ட்ட முழு பலத்தோட இறுக்கினாலும் குழிதான். நைலோன் கயிறு நனைஞ்சா நீண்டுரும், மழை ராத்திரியில தளர்ந்து போகும், பொலியெஸ்டர் பட்டை வாங்குங்க.

குளிர்ச்சியா இருக்கே, வெயில் என்ன செய்யும்னு நினைக்கிறாங்க. உயரம் 1000 மீட்டர் கூடக் கூட புறஊதா கதிர் 10 சதவீதம் அளவுக்கு கூடும், நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, கணக்குப் போட்டுக்கோங்க. பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்குறது அதாலதான். தகரக் கூரை போடுங்க, வெளிச்சம் வர்ற சீட் வேணாம், சில சீட்டுல கதிரும் சேந்து வரும். நீல நிற தார்ப்பாய கயாக்கோட ஒட்ட இறுக்கிக் கட்டுனா மிஸ்ட்டுல உள்ள ஈரம் தேங்கும், ஒரு அடியாவது இடைவெளி வேணும். ஆனா கூரை போட்டா காத்து அதையும் தூக்கப் பாக்கும், கொங்கிரீட்டை அதுக்கு ஏத்த மாதிரி பெருசாக்குங்க.

ஜீ.ஐ. பைப்ப, அதாவது துருப்புடிக்காம இருக்க நாகம் (சிங்க்) பூசின இரும்பு பைப்ப, வெல்ட் பண்ணும்போது அந்த எடத்துல நாகப்பூச்சு எரிஞ்சு போகும், வெல்டிங் செய்ற பாஸ் சும்மா கறுப்பு பெயின்ட் அடிச்சா ஒத்துக்காம சிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க. மரமா இருந்தா முனையெல்லாம் சீல் பண்ணுங்க. பீ.வீ.சீ. பைப் மட்டும் வேணாம், வளைஞ்சிரும்.

கயாக்கோட மூடியெல்லாம் கொஞ்சம் தளர்த்தி, தண்ணி போற அடைப்பையும் திறந்து வைங்க, உள்ள தண்ணி நின்னா நுளம்பு வரும். குப்புற வெச்ச கயாக்குக்குள்ள குளவி கூடு கட்டும், தோட்டத்துல குளவி கொட்டி எத்தனை பேர் கஷ்டப்பட்டிருக்காங்க, அதனால தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நீளக் கம்பால தட்டிட்டு கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க.